ஒரு வருஷத்தை ஆளுக்குப் பாதியாக

மைசூர் செஷன்ஸ் கோர்ட்டில் அன்று என் வாதம் நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு பேர், ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள். ஒருவருக்கு வெறும் அபராதம், இன்னொருவருக்கு ஒரு வருஷம் சிறை. இது எந்த ஊர் நியாயம் என்பதைக் கொஞ்சம் மரியாதையான சொற்களில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீதிபதி பேனாவை மூடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பேனாவை மூடாதவரை நமக்கு உயிர் இருக்கிறது என்று எங்கள் வக்கீல்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசை பெஞ்சு கிறீச்சென்றது.

“ஸ்வாமி, ஒந்து மாத்து.”

ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். திரும்பிப் பார்த்தேன். அபராதத்தோடு தப்பிய முருகேசன் எழுந்து நிற்கிறான். கழுத்தில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறான். வாயைத் திறக்கவே கூடாது என்று காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன்.

“அந்த ஒரு வருஷத்தை எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியாப் பிரிச்சுக் கொடுத்துடுங்க ஸ்வாமி. ஆளுக்கு ஆறு மாசம். அவன் மட்டும் தனியாப் போக வேண்டாம்” என்று நல்ல கன்னடத்தில் சொல்லி முடித்தான்.

எனக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. தண்டனையைக் குறையுங்கள் என்று கெஞ்சியவர்களை இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு எழுந்தவன் இவன் ஒருவன்தான்.

மாமனும் மச்சினனும்

முருகேசனுக்கும் அவன் மனைவியின் தம்பி மாதேசனுக்கும் ஊர் ஹனூர்ப் பக்கம். மழை ஏமாற்றிய ஏதோ ஒரு வருஷத்தில் மைசூருக்கு வந்து, ஒரு சின்ன சரக்கு வண்டியைக் கூட்டாக வாங்கினார்கள். தமிழ்நாட்டில் குட்டியானை என்கிறார்களே, அதே வண்டி. முன் கண்ணாடியில் பாதி இடத்தை மாதேஸ்வர சாமியின் படம் அடைத்திருக்கும். மீதிப் பாதியில் எப்படித்தான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார்களோ, எனக்குத் தெரியாது.

அவர்கள் ஊரில் பங்காளிகளுக்குள் கிணறு பொது. தண்ணீருக்கு முறை உண்டு. இந்த வாரம் ஒருவன் மோட்டார் போட்டால் அடுத்த வாரம் மற்றவன். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் முறையை இன்னொருவன் எடுத்துக்கொண்டு, பிறகு தன் முறையை விட்டுக்கொடுத்து நேர்செய்ய வேண்டும். இதையே அப்படியே வண்டிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வாரம் மாமன் ஓட்டுவான், மச்சினன் மூட்டை இறக்குவான். மறு வாரம் மாற்றி. இதற்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, சண்டையும் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ளும் இந்தக் காலத்தில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

சம்பவம் மண்டி மொஹல்லா கடைத்தெருவில். அந்தச் சந்துகளில் சரக்கு வண்டியைப் பின்னால் எடுப்பது ஒரு கலை. ஒரு கடைக்காரர் தன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, எடுக்கச் சொன்னதற்கு வாய்க்கு வந்தபடி பேசினார். பேச்சு செல்வி வரைக்கும் போனது. செல்வி யாரென்றால் முருகேசனின் மனைவி, மாதேசனின் அக்கா. அவ்வளவுதான். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையை எடுத்து இருவரும் மாற்றி மாற்றி ஆளுக்கொரு போடு போட்டுவிட்டார்கள். கடைக்காரருக்கு மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிற்று.

செய்தது தப்புதான். அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. அவர்களும் மறைக்கவில்லை. இன்னொரு வேடிக்கை, கை சரியானதும் அதே கடைக்காரர் அதே வண்டியைத்தான் லோடுக்குக் கூப்பிட்டார். அவர் கடைச் சந்துக்குள் வேறு எவனுக்கும் வண்டியை விடத் தெரியவில்லையாம்.

கூண்டில் மின்விசிறிச் சண்டை

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வழக்கில் இரண்டு எதிரிகள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை என் சீனியர் எனக்கு முதல் வாரமே காட்டிவிட்டார். எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், கோர்ட் தமிழ் அது. கூட்டுத்தொழில் செய்து மோசடியில் மாட்டிய இரண்டு பேர். பால்ய சிநேகிதர்களாம். அவன்தான் செய்தான் என்று இவன், இவன்தான் செய்தான் என்று அவன். கடைசியில் கூண்டுக்குள் மின்விசிறிக் காற்று படும் இடத்தில் யார் நிற்பது என்று தள்ளுமுள்ளு ஆகி, நீதிபதி இரண்டு பேரையும் காற்றே வராத மூலைக்குத் தள்ளிவிட்டார். “பாத்துக்கோம்மா, இதுதான் நம்ம பொழப்பு” என்றார் சீனியர்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், முதலாளி தொழிலாளி, யாராக இருந்தாலும் ஆபத்து என்று வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவனைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பயம் அப்படி.

அதனால்தான் இந்த மாமனையும் மச்சினனையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

மச்சினன் செய்த வேலை

கீழ்க்கோர்ட்டில் அவர்களுக்கு வேறொரு வக்கீல். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறாயா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். கருணைக்கான கடைசி வாசல் அது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும்.

முருகேசன் கைகூப்பிச் சொன்னான். கைக்குழந்தை இருக்கிறது, வயதான அப்பா இருக்கிறார், மன்னித்துவிடுங்கள் என்றான். அடுத்தது மாதேசன். அவனுக்கும் அதே அளவு கஷ்டம் உண்டு. மூட்டை தூக்கும் கை, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். இவன் என்ன சொன்னான் தெரியுமா? “எல்லாம் நான்தான் செஞ்சேன். மாமாவை விட்டுடுங்க.” அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

விளைவு? மாமனுக்கு அபராதம். மச்சினனுக்கு ஒரு வருஷம் சிறை. அவன் வாயாலேயே அவன்தான் தலைவன் என்று ஒப்புக்கொண்டுவிட்டானே!

அப்பீலுக்காக அக்ரஹாரத்தில் என் ஆபீஸுக்கு அவர்கள் வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“ஏம்ப்பா, உன்னை யாரு அப்படிச் சொல்லச் சொன்னது?”

“அக்கா குடும்பத்துக்கு ஒண்ணுன்னா தாய்மாமந்தானுங்க முன்னால நிக்கோணும்” என்றான் மாதேசன், தரையைப் பார்த்துக்கொண்டு. “ஒருத்தன் தலையில ஏத்திக்கிட்டா இன்னொருத்தனுக்குப் பாரம் கொறையுமுங்களே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்டனை என்பதை இவன் லாரியிலிருந்து இறக்கும் மூட்டை என்று நினைத்திருக்கிறான். மொத்தம் இவ்வளவு சுமை, யாராவது ஒருவர் தூக்கியாக வேண்டும், தான் தூக்கினால் மாமன் தப்பித்தான். இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது.

“தண்டனை மூட்டை இல்லடா தம்பி. நீ தூக்கினதால அவருக்கு ஒண்ணும் கொறையல. சாட்சி சொன்ன எல்லாரும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி அடிச்சீங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. நீயும் வாயைத் திறந்து கஷ்டத்தைச் சொல்லியிருந்தா உனக்கும் அபராதத்தோட முடிஞ்சிருக்கும்.”

மாமனும் மச்சினனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லாச் சொல்லுங்க வக்கீலம்மா! நான் சொன்னா கேக்கறானா? பெரிய தியாகி!”

கத்தரி படாத முடி

செல்வியின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பெயர் தனு. முடி ஒரு பக்கம் கண்ணை மறைத்து, ஒரு பக்கம் சடை பிடித்து, எட்டுத் திக்கும் நின்றது. பிறந்ததிலிருந்து கத்தரி பட்டதே இல்லையாம். மாதேஸ்வரன் மலையில் முடி இறக்கிக் காது குத்துவதாக வேண்டுதல். அதைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அப்பீல் முடியும்வரை மாதேசனின் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியில்தான் இருந்தான். “அப்போ இப்பவே போய்க் காது குத்திட்டு வந்துட வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“அதைத்தானுங்க நானும் சொல்றேன்” என்றாள் செல்வி.

மாதேசன் தலையை ஆட்டினான். “ஜெயில் தீர்ப்பைத் தலை மேல வெச்சுக்கிட்டுப் புள்ளைய மடியில வெக்க மாட்டனுங்க. நாளைக்கு அது பெரிசாகி, உம் மாமன் காது குத்தின கையோட ஜெயிலுக்குப் போனான்னு நாலு பேரு சொல்லக் கேக்கோணுமா?”

“வேற யாரு மடியிலயாச்சும்...” என்று இழுத்தேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அங்கேயே விழுங்கிவிட்டேன்.

ஆக வழக்கு இப்படி வந்து நின்றது. அப்பீல் தோற்றால் மாதேசன் ஒரு வருஷம் உள்ளே போவான். வண்டி பாதி நாள் ஓடாது. பார்த்து வைத்த பெண் வீட்டார் பின்வாங்குவார்கள். இந்தக் குழந்தை முடியோடும் குத்தாத காதோடும் மாமனுக்காகக் காத்திருக்கும். அதைவிட எனக்குப் பொறுக்காதது, தீர்ப்பு வரும்வரை அவன் அந்தக் குழந்தையைத் தூக்கக்கூட மாட்டேன் என்று விலகி விலகி நின்றது. அது இவனைப் பார்த்துக் கையை நீட்டும். இவன் என் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தெருவில் போகும் ஸ்கூட்டர்களை வேடிக்கை பார்ப்பான்.

பாழாய்ப்போன பிடிவாதம்! இந்த வழக்கை நான் ஜெயித்தே ஆக வேண்டும் என்று மனசுக்குள் பல்லைக் கடித்தேன்.

மறுபடியும் கோர்ட் ஹால்

இப்போது பின்வரிசையில் எழுந்து நிற்கும் முருகேசனிடம் வருவோம்.

“யாரிவர்?” என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

“முதல் எதிரி, யுவர் ஆனர். அபராதம் கட்டி முடித்தவர். இந்த அப்பீலில் அவருக்குச் சம்பந்தம் இல்லை.”

“சம்பந்தம் இல்லாதவர் ஏன் ஆறு மாசம் கேட்கிறார்?”

அரசுத் தரப்பு வக்கீல் எனக்குப் பழைய சிநேகிதர், குறும்புக்காரர். மெதுவாக எழுந்தார். “தண்டனையைக் கூட்டச் சொல்லி அரசாங்கம்கூட மனுப் போடவில்லை, யுவர் ஆனர். அவர் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. டவாலி சேவகர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை அழுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். முருகேசனை முன்னால் வரச் சொன்னார்.

வந்தவன் அடக்கமாக நின்று, கிணற்று முறையில் ஆரம்பித்து, வண்டி முறைக்கு வந்து, ஜெயில் முறையில் முடித்தான். முதல் ஆறு மாசம் தான் போவதாகவும், அந்தச் சமயத்தில் மச்சினன் வண்டி ஓட்டுவான் என்றும், அடுத்த ஆறு மாசம் மாற்றிக்கொள்வதாகவும் விளக்கினான். “அடிச்சது ரெண்டு பேரும்தான் ஸ்வாமி. அவன் அன்னிக்கு எம் பொண்டாட்டி புள்ளைக்காகப் பொய் சொல்லிட்டான். அவன் ஒரு அடியும் கூடுதலா அடிக்கல, நான் ஒரு அடியும் கொறைச்சு அடிக்கல.”

நான் அரை மணி நேரமாகச் சட்டம், முன்தீர்ப்பு என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததை இவன் நாலு வரியில் சொல்லிவிட்டான். ஆனால் கோர்ட் அல்லவா? இது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

நீதிபதி பேனாவை மூடினார்.

“நீங்கள் சாட்சி இல்லை. நீங்கள் சொன்னதை நான் எழுதிக்கொள்ள முடியாது. ஜெயிலை அப்படிப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. போய் உட்காருங்கள்” என்றார். பிறகு மாதேசன் பக்கம் திரும்பினார். “நீ சொல். உனக்கு என்ன வேண்டும்?”

மாதேசன் உடனே மாமனைப் பார்த்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்! “அங்க என்னடா பார்வை? உன்னைத்தான் கேக்கறார்” என்று பல்லிடுக்கில் சொன்னேன்.

அவன் தொண்டையைச் செருமினான். பேச்சு கன்னடமும் தமிழும் கலந்து வந்தது.

“எனக்கு ஜெயிலுக்குப் போகப் பயமா இருக்குதுங்க.”

அவ்வளவு பெரிய ஆள், மூட்டையை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றுகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி நின்றான். “அக்கா புள்ளைக்குக் காது குத்தோணும். எனக்கு அது போதுமுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் தன் பைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கறுப்புக் கோட்டுக்கு இருக்கும் ஒரே வசதி, அதன் கையில் கண்ணைத் துடைத்தால் ஈரம் தெரியாது.

சோப்பும் லுங்கியும்

தீர்ப்பைத் தள்ளி வைத்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் முருகேசனை நான் திட்டாத திட்டில்லை. அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். “மனசுல இருந்ததைச் சொல்லிப்போட்டனுங்க. இப்பத்தான் சோறு எறங்குது” என்றான். இவனிடம் என்ன பேசுவது?

தீர்ப்பு நாளில் மாதேசன் ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே லுங்கி, துண்டு, சோப்பு. நேராக ஜெயிலுக்குப் போகத் தயாராக வந்திருக்கிறான். செல்வி கண் வீங்கிப்போய், தனுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

நீதிபதி வேகமாக வாசித்தார். குற்றம் உறுதி. அதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து, சாட்சியத்தில் இருவருக்கும் எந்த வித்தியாசமும் காணவில்லை என்றார். குற்றம் முடிவான பிறகு உறவின் பாசத்தில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து ஒருவனுக்கு மட்டும் சிறை கொடுப்பது சமமல்ல என்றார். சிறைத் தண்டனை ரத்து. முதல் எதிரிக்கு விதித்த அதே அபராதம் இவனுக்கும். அதோடு காயம்பட்டவருக்கு நஷ்டஈடு.

திரும்பிப் பார்த்தேன். மாதேசன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான். ஒன்றும் புரியவில்லை அவனுக்கு.

“ஜெயில் இல்லடா! போயிடுச்சு! வீட்டுக்குப் போ!”

“மாமாவுக்கு ஏதாச்சும் கூட்டிப்போட்டாங்களா?” என்றான்.

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்! “யாருக்கும் ஒண்ணும் கூட்டல. வாயை மூடிக்கிட்டு வெளியே நட” என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

வெளியே வந்ததும் செல்வி முதலில் புருஷனுக்கு ஒரு அடி, பிறகு தம்பிக்கு ஒரு அடி, பிறகு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள். அரசுத் தரப்பு வக்கீல் அந்த வழியாகப் போனவர், “மேடம், தோற்றுப்போனதற்கு எனக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்” என்றார். கோர்ட் வாசலில் எல்லோருக்கும் சுருமுரி, அதாவது மசாலாப் பொரி, வாங்கிக் கொடுத்தேன். இத்தனை நாளில் நான் வாங்கிய எந்தப் பீஸும் அந்தப் பொட்டலத்துப் பொரி மாதிரி ருசித்ததில்லை.

மலையில்

அடுத்த வாரமே மலைக்குப் புறப்பட்டார்கள். என்னையும் விடவில்லை. சரக்கு வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று முருகேசன் ஒரு யோசனை சொன்னான். “ஏத்துப்பா, நல்லா ஏத்து. அடுத்த கேஸுக்கு இப்பவே பைல் போட்டு வெக்கறேன்” என்றேன். மறுபேச்சில்லாமல் கொள்ளேகால் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

மலையில் காட்டு வாசனையும் கற்பூர வாசனையும் சேர்ந்து அடித்தது. கடைக்காரர்கள் நம் முகத்தைப் பார்த்தே தமிழா கன்னடமா என்று கண்டுபிடித்துக் கூப்பிட்டார்கள். பாயை விரித்து மாதேசன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். புது வேட்டி. செல்வி குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவ்வளவு நாள் தொடாமல் இருந்தவன், அதன் இரண்டு பாதத்தையும் ஒரே கையில் பொதிந்து பிடித்துக்கொண்டான்.

முடி இறங்கும்வரை குழந்தை வாயே திறக்கவில்லை. தலையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும்தான் ஆரம்பித்தது பாருங்கள் கச்சேரி! முதல் காது குத்தியதும் மலையே அதிர ஒரு அலறல். அதோடு சேர்ந்து இன்னொரு அலறல். யாரென்று பார்த்தால் மாதேசன். ஜெயில் என்று கேட்டபோது கண் கலங்காதவன், தோள் குலுங்கக் குலுங்க அழுகிறான். இரண்டாவது காதுக்கு அவன் குழந்தையைப் பிடிக்கவில்லை. முருகேசன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், குத்துனது உனக்கில்லடா, அவளுக்கு” என்று செல்வி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், நெஞ்சு கொள்ளவில்லை.

குழந்தையை அடக்க யாரோ ஒரு துண்டு வெல்லத்தை அதன் வாயில் திணித்தார்கள். அழுகை நின்றது. மொட்டைத் தலையோடு நிமிர்ந்து, இன்னும் அழுதுகொண்டிருந்த மாமனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தன் வாயிலிருந்த வெல்லத்தை எடுத்து அவன் வாயில் வைத்தது.